கஜானா இங்கே, சாவி எங்கே? புதுச்சேரி அரசின் நிதியும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கோப்பு எங்கே நிற்கிறது, துணைநிலை ஆளுநர் ஏன் கையெழுத்திடவில்லை, டெல்லி எவ்வளவு தந்தது, மாநில அந்தஸ்து கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றெல்லாம் மக்கள் கேட்கிறார்கள். இவற்றுக்கு மேடைகளில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரைக் குற்றம் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பதவியில் இருப்பவர்கள் மாறியும் சச்சரவு மாறாமல் தொடர்வதற்குக் காரணம் மனிதர்களின் குணத்தில் இல்லை, சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த அமைப்பை இயன்றவரை எளிதாக இங்கே விளக்க முயன்றிருக்கிறேன்.

சட்டப்பேரவையும் முதலமைச்சரும் இருந்தும் புதுச்சேரி ஏன் மாநிலமாக இல்லை?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. அதற்குப் பின் வந்த அரசியலமைப்பின் 14-வது திருத்தம், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளையும் சேர்த்து ஒன்றிய ஆட்சிப் பகுதியாக்கியது.

அத்திருத்தத்தின் வழியே நுழைந்த 239-ஏ பிரிவு, புதுச்சேரிக்கு ஒரு சட்டமன்றத்தை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அமைத்துத் தரலாம் என்று மட்டுமே சொல்கிறது. தமிழ்நாட்டின் சட்டமன்றம் அரசியலமைப்பிலிருந்தே நேராகப் பிறந்தது. நம்முடையது நாடாளுமன்றம் இயற்றிய 1963-ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் அரசுச் சட்டத்திலிருந்து பிறந்தது. நாம் பின்னால் பார்க்கப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவையே.

அதே 1963 சட்டத்தின்கீழ் அன்று நம்மோடு இருந்தவை இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா-டாமன்-டையூ ஆகியவை. இமாசலம் 1971-லும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-லும் மாநிலங்களாயின. பின்னர் இச்சட்டத்துக்குள் வந்த மிசோரமும் அருணாசலப் பிரதேசமும், கோவாவும் 1987-ல் மாநிலங்களாயின. உடன் படித்தவர்கள் எல்லோரும் தேறிப் போய்விட, அதே வகுப்பில் புதுச்சேரி மட்டும் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் உட்கார்ந்திருக்கிறது.

நமது சட்டப்பேரவைக்கு டெல்லிச் சட்டமன்றத்தைவிட அதிகாரம் குறைவா, கூடுதலா?

சட்டம் இயற்றுவதைப் பொறுத்தவரை கூடுதல். டெல்லிச் சட்டமன்றம் பொது அமைதி, காவல், நிலம் ஆகியவற்றில் சட்டம் இயற்ற முடியாது. புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள அனைத்துப் பொருள்களிலும் அதிகாரம் உண்டு. ஆனால் அதே பொருளில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம்; இரண்டும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். பெயரளவில் பரந்த அதிகாரம், செயலளவில் எப்போது வேண்டுமானாலும் மேலிருந்து மறிக்கப்படக்கூடிய அதிகாரம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

நமது பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய டெல்லியின் அனுமதி எதற்கு?

1963 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டைக் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலைப் பெற்ற பிறகே சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் ஒன்றிய உள்துறை அமைச்சகமும் நிதி அமைச்சகமும்தான். மாநிலத் திட்டக்குழு கூடித் தொகையை முடிவு செய்து, துணைநிலை ஆளுநர் வழியாகக் கோப்பை அனுப்பி, அது திரும்பி வந்த பிறகே தாக்கலுக்கு நாள் குறிக்கப்படுகிறது. இந்தத் தாமதத்தால்தான் பல ஆண்டுகளில் மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் இடைக்கால ஒப்புதல் பெற்றுவிட்டு, முழு பட்ஜெட்டை ஜூலை, ஆகஸ்டு வரை தள்ளிப்போட நேர்ந்தது.

இடைக்கால ஒப்புதலில் சம்பளமும் ஓய்வூதியமும் தடையின்றிப் போய்விடும். புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது. நிதியாண்டின் முதல் நான்கைந்து மாதங்கள் இப்படிக் கழிந்து, எஞ்சிய மாதங்களில் மழைக்காலமும் வந்துவிட்டால், சாலை ஒப்பந்தக்காரர் எப்போது வேலையை எடுத்து எப்போது முடிப்பார்? ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்புவதற்கு அதிகாரிகளின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று.

2020 ஜூலையில் இந்தச் சச்சரவு உச்சத்தைத் தொட்டது. அப்போதைய முதலமைச்சர் வே. நாராயணசாமி ஜூலை 20 அன்று 9,000 கோடி ரூபாய் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். முறைப்படி தமக்கு விவரங்கள் வந்து சேரவில்லை என்று கூறிய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, அன்று உரையாற்ற வரவில்லை. ஒன்றிய அரசின் ஒப்புதல் ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது என்பது அரசின் வாதம். வீட்டுச் செலவுக் கணக்கை மருமகள் எழுதலாம், ஆனால் கொத்துச்சாவி மாமியாரின் இடுப்பில்தான் இருக்கும் என்கிற பழைய கூட்டுக் குடும்பத்தை இது எனக்கு நினைவூட்டியது.

பட்ஜெட் தொகை எங்கிருந்து வருகிறது?

2025-26-ஆம் ஆண்டுக்கு முதலமைச்சர் என். ரங்கசாமி 2025 மார்ச் 12 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டின் அளவு 13,600 கோடி ரூபாய். இதில் சொந்த வருவாய் ஏறக்குறைய 7,641 கோடி, ஒன்றிய அரசின் உதவி ஏறக்குறைய 3,432 கோடி, கடன் ஏறக்குறைய 2,101 கோடி. மீதம் பெரும்பாலும் ஒன்றிய அரசின் திட்டங்களுக்காக வரும் பணம். அதாவது, நூறு ரூபாயில் ஐம்பத்தாறு ரூபாய் நம்முடையது, இருபத்தைந்து ரூபாய் டெல்லி தருவது, பதினைந்து ரூபாய் கடன்.

சொந்த வருவாய் என்பதில் மாநில ஜிஎஸ்டி, மதிப்புக் கூட்டு வரி, கலால், முத்திரைத்தாள், வாகன வரி ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்சாரத்தை விநியோகிப்பது அரசு நிறுவனம்; புதுச்சேரியிலோ அது அரசின் ஒரு துறை. ஆகவே நாம் கட்டும் மின்கட்டணம் அரசின் வருவாயாகவும், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் செலவு அரசின் செலவாகவும் பட்ஜெட்டிலேயே பதிவாகிறது. ஒரு கையில் வாங்கி மறுகையில் கொடுக்கும் இந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் அரசின் உண்மையான வலு தெரியும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, அசல் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளையும் எடுத்துவைத்த பிறகு, அமைச்சர்கள் தாமே முடிவு செய்து செலவழிக்கக்கூடிய பங்கு சிறியதுதான். குடும்பத் தலைவிகளுக்கு 2023-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உதவியை 2,500 ரூபாயாக உயர்த்துவதாக 2025 பட்ஜெட் அறிவித்தபோது, பணம் எங்கிருந்து வரும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதன் பின்னணி இதுவே.

ஒன்றிய வரிகளில் மற்ற மாநிலங்களுக்குக் கிடைக்கும் பங்கு நமக்கு ஏன் கிடைப்பதில்லை?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். ஆகவே பதிலும் சற்று நீளமானது.

ஒன்றிய அரசு வசூலிக்கும் வருமான வரி, நிறுவன வரி போன்றவற்றின் ஒரு பகுதியை மாநிலங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். எவ்வளவு, யாருக்கு என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 15-வது நிதிக்குழுவின் கணக்கில் மாநிலங்களின் மொத்தப் பங்கு 41 விழுக்காடு. ஆனால் அரசியலமைப்பின் 280-வது பிரிவு பேசுவது மாநிலங்களைப் பற்றி மட்டுமே. புதுச்சேரியின் வணிகர் கட்டும் வருமான வரியும் அதே பொதுப் பானைக்குள்தான் விழுகிறது. அள்ளிப் பரிமாறும்போது நமக்கு இலை போடுவதில்லை. அதற்குப் பதிலாக, உள்துறை அமைச்சகத்தின் ஒதுக்கீட்டிலிருந்து ஒரு மானியம் வருகிறது. அந்த மானியத்துக்கு வெளிப்படையான சூத்திரம் எதுவும் கிடையாது. முந்தைய ஆண்டின் தொகை, இந்த ஆண்டின் கோரிக்கை, அவ்வப்போதைய அரசியல் உறவு ஆகியவை சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

ஓர் ஒப்பீடு செய்து பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோவாவில் ஏறக்குறைய 14.6 லட்சம் பேர், புதுச்சேரியில் ஏறக்குறைய 12.5 லட்சம் பேர். 15-வது நிதிக்குழு பகிர்வில் கோவாவின் பங்கு 0.386 விழுக்காடு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வரிப்பங்கு ஏறக்குறைய 14.22 லட்சம் கோடி. அதில் கோவாவுக்குச் சேர்வது ஏறக்குறைய 5,490 கோடி ரூபாய். அதே ஆண்டு நமக்கு வந்த உதவி 3,432 கோடி. கோவாவின் தொகை கேட்டுப் பெறுவதல்ல, சூத்திரப்படி தானே வந்து சேர்வது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

ஆயினும் இந்த ஒப்பீட்டை அப்படியே மேடைக்கு எடுத்துச் செல்வது சரியாகாது. 15-வது நிதிக்குழுவின் சூத்திரத்தில் 45 விழுக்காடு எடை தனிநபர் வருமான இடைவெளிக்குப் போனது. ஏழை மாநிலத்துக்கு அதிகம், வளமான மாநிலத்துக்குக் குறைவு. பரப்பளவுக்கு 15 விழுக்காடும் காட்டுக்கும் சூழலுக்கும் 10 விழுக்காடும் எடை இருந்தது. கோவா 3,702 சதுர கிலோமீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளோடு இருக்கிறது. நமது நான்கு பகுதிகளையும் சேர்த்தாலும் 500 சதுர கிலோமீட்டர் வராது. காடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. சிறிய மாநிலங்களுக்குப் பரப்பளவில் குறைந்தபட்சம் இரண்டு விழுக்காடு பங்கை அந்த நிதிக்குழு கணக்கில் கொண்டது; அத்தகைய விதி இருந்தால் ஓரளவு ஈடுகட்டப்படலாம். எனவே புதுச்சேரியின் பங்கு கோவாவின் பங்கைவிடக் குறைவாகவே அமையும் என்றும், இன்றைய மானியத்தைவிடக் கூடுமா என்பது கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று என்றும் சொல்வதே நேர்மை. அந்தக் கணக்கைப் பேரவையில் வைத்து விவாதிக்காமல், பத்துக்கும் மேற்பட்ட முறை மாநில அந்தஸ்துத் தீர்மானத்தை மட்டும் நிறைவேற்றியது நமது கட்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை.

ஜிஎஸ்டி மன்றத்தில் மட்டும் புதுச்சேரி மாநிலமாகக் கருதப்படுவது எப்படி?

ஜிஎஸ்டிக்கான அரசியலமைப்புத் திருத்தம், சட்டமன்றம் உள்ள ஒன்றிய ஆட்சிப் பகுதியையும் அந்த வரி சார்ந்த பிரிவுகளுக்கு மட்டும் மாநிலம் என்று வரையறுத்தது. ஆகவே மன்றத்தில் நமக்கு இருக்கையும் வாக்கும் உண்டு. வரி வசூலிக்கும்போது மாநிலம், வரியைப் பகிரும்போது ஒன்றிய ஆட்சிப் பகுதி என்கிற விசித்திரம் இதனால் உண்டாகியிருக்கிறது. ஜிஎஸ்டி வந்ததால் குறைந்த வருவாயை ஈடுகட்ட ஒன்றிய அரசு தந்துவந்த இழப்பீடு 2022 ஜூன் 30-உடன் முடிந்தபோது ஏற்பட்ட பள்ளம் மற்ற மாநிலங்களைப் போலவே நம்மையும் பாதித்தது.

கடன் எப்போது தொடங்கியது?

முன்பு புதுச்சேரியின் கணக்கு ஒன்றிய அரசின் பொதுக் கணக்கோடு சேர்ந்தே இருந்தது. தேவைப்பட்ட கடனும் அங்கிருந்தே வந்தது. 2007 டிசம்பர் 17 முதல் நமக்கென்று தனிப் பொதுக் கணக்கு தொடங்கப்பட்டது. அதன்பின் மாநிலங்களைப் போல வெளிச்சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்ட முடிந்தது. அதை விடுதலை என்று அன்று வரவேற்றவர்கள் பலர். ஆனால் மாநிலத்துக்குரிய கடன்சுமை தோளில் ஏறியது. மாநிலத்துக்குரிய வரிப்பங்கு வரவில்லை.

ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபட்டால் யார் சொல் நிற்கும்?

அமைச்சரவை ஆலோசனை சொல்லும். துணைநிலை ஆளுநர் உடன்படவில்லையென்றால் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். அங்கு எடுக்கப்படும் முடிவே இறுதி. முடிவு வரும்வரை அவசரம் என்று கருதினால் ஆளுநரே நடவடிக்கை எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

இதற்கு இலவச அரிசியைவிட நல்ல உதாரணம் இல்லை. அரிசியாகவே வழங்க வேண்டும் என்றது நாராயணசாமி அமைச்சரவை. பயனாளியின் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்த வேண்டும் என்றார் கிரண் பேடி. கோப்பு டெல்லிக்குப் போனது. பணமே என்று முடிவு வந்தது. அதை எதிர்த்த வழக்கும் 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்புதான், இலவச அரிசியுடன் மீண்டும் திறக்கப்பட்டன. பணமா, அரிசியா என்பதில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. என் கவலை வேறு. ஒரு குடும்பத்தின் உலையில் எந்த அரிசி வேக வேண்டும் என்கிற அளவிலான முடிவுகூட வாக்களிக்கப்பட்ட அரசின் கையில் இல்லை.

ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரல் 30 அன்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. ஆளுநரும் அமைச்சரவையும் ஒரே கூட்டணியின் பக்கம் இருக்கும் ஆண்டுகளில் இந்த விரிசல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

நியமன உறுப்பினர்கள் பட்ஜெட்டின்மீது வாக்களிக்கலாமா?

வாக்களிக்கலாம். முப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு மூவர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். புதுச்சேரி அரசின் பரிந்துரை இல்லாமல் 2017-ல் மூவர் நியமிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்று செல்லும் என்றது. பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்ற நிலையும் அதனால் உறுதியானது. 2021 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி வென்றது ஆறு இடங்களை. மூன்று நியமனங்களோடு அதன் பலம் ஒன்பதானது. மாஹேவுக்கும் ஏனாமுக்கும் தலா ஓர் இடம், காரைக்காலுக்கு ஐந்து இடங்கள் என்று இருக்கும் அவையில் மூன்று வாக்கு என்பது சிறிய எண்ணிக்கையல்ல.

மது வருமானத்தை நம்பித்தான் அரசு நடக்கிறதா?

முழுக்க அப்படியல்ல; ஆனால் கலாலும் மதுவின்மீதான வரியும் பெரிய தூண்கள் என்பதில் ஐயமில்லை. இந்த வருமானம் விலை வேறுபாட்டில் நிற்கிறது. தமிழ்நாட்டைவிட வரியைக் குறைவாக வைத்து, விற்பனையின் அளவைக் கூட்டி வருவாய் ஈட்டுவதே இங்கு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் வழி. 2020 மே மாதத்தில், ஊரடங்குக்குப் பின் கடைகளைத் திறந்தபோது, எல்லை தாண்டி வரும் கூட்டத்தைத் தடுக்கச் சிறப்பு வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். விற்பனை சரிந்தது, 2021 ஏப்ரலில் அந்த வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. வரி விகிதத்தை உயர்த்தினால் வருவாய் உயரும் என்கிற பொது விதி, அடுத்த ஊர் வேறு அரசின்கீழ் இருக்கும் இடத்தில் எடுபடாது.

தலைமைச் செயலரை முதலமைச்சரால் மாற்ற முடியுமா?

முடியாது. புதுச்சேரிக்கென்று தனி ஐ.ஏ.எஸ். பிரிவு இல்லை, அருணாசலம், கோவா, மிசோரம் ஆகிய மாநிலங்களுக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கும் பொதுவான பிரிவிலிருந்து அதிகாரிகளை உள்துறை அமைச்சகம் அனுப்புகிறது. தனித் தேர்வாணையமும் நமக்கு இல்லை. அதிகாரி ஊரைப் புரிந்துகொள்வதற்குள் இடமாற்ற ஆணை வந்துவிடுகிறது என்பது எல்லா ஆட்சிகளிலும் கேட்ட புலம்பல்.

தமிழ்நாட்டோடு இணைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இராதே?

1979 ஜனவரியில் அப்படியொரு யோசனையைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளிப்படுத்தியபோது புதுச்சேரி முழுவதும் கிளர்ச்சி வெடித்தது. அதன்பின் எந்தக் கட்சியும் அதைக் கையில் எடுக்கவில்லை. மாஹே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருப்பதையும் இந்தக் கேள்வி மறந்துவிடுகிறது.

மாநில அந்தஸ்து வழங்க என்ன நடைமுறை?

அரசியலமைப்பின் 3-வது பிரிவின்கீழ், குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்து, சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றினால் போதும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவையில்லை. 1987-ல் கோவாவுக்கு நடந்ததும் இதுவே. புதுச்சேரிப் பேரவையின் தீர்மானம் இதில் ஒரு வேண்டுகோள் மட்டுமே. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

அதுவரை காத்திருக்காமல் கேட்கக்கூடியவை இரண்டு உண்டு: மானியத்தை நிதிக்குழுவின் சூத்திரத்தோடு பிணைப்பது, குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் வராவிட்டால் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது. இரண்டாவதற்கு 1963 சட்டத்தில் சிறு திருத்தம் போதும். மாநில அந்தஸ்து என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாக் கோரிக்கைகளையும் மூட்டையாகக் கட்டிவைத்ததால், எளிதில் கிடைக்கக்கூடியவற்றைக்கூட நாம் தனியே கேட்காமல் விட்டுவிட்டோம்.

நான் கடலூரில் வசிக்கிறேன். இதனால் எனக்கு என்ன?

மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்பட்டுத் தென்பெண்ணையைத் தாண்டினால் முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. அங்குள்ள பெட்ரோல் நிலையங்களில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நிற்பதைத் தினமும் காணலாம். 2025 ஜனவரி முதல் புதுச்சேரி அரசு எரிபொருள் வரியை உயர்த்தியபோதும் அந்த வரிசை மறையவில்லை. வேறுபாடு குறைந்ததே தவிர நீங்கவில்லை. நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரும் புதுச்சேரியின் சொந்த வருவாய்க் கணக்கில் சேர்கிறது. புதுச்சேரி நிதிக்குழுப் பங்கைப் பெற்று, இந்த வருவாயை நம்ப வேண்டிய தேவை குறைந்தால், எல்லை விலைகளும் மாறக்கூடும்.

மருத்துவத்துக்காக ஜிப்மருக்கு வருபவர்களுக்கு மட்டும் இதில் எதுவும் மாறாது. 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்த நிறுவனத்தின் பணம் ஒன்றிய சுகாதார அமைச்சகத்திலிருந்து நேராக வருகிறது. புதுச்சேரியின் பட்ஜெட் தாமதமானாலும் அதன் வாசலில் உள்ள வரிசை அப்படியேதான் நகரும்.